இருநூறு தப்படி

ஓய்வுபெற்ற சுபேதார் சங்கையா எழுபத்திரண்டு வயதிலும் நாற்காலியில் முதுகு சாய்க்கமாட்டார். ராஜபாளையத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு படம்தான்: 1971இல் கிழக்கு எல்லைப் போரில் இறந்த அண்ணன் தனுஷ்கோடி. சொந்த ஊரான வன்னியம்பட்டியில் இன்றைக்கும் அந்தக் குடும்பத்துக் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் ‘பட்டாளத்து வீடு’ என்று அச்சடிப்பார்கள். அந்தப் பட்டத்துக்குக் கொடுத்த விலை தனுஷ்கோடியின் உயிர்.

அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் பாரூக்கின் நாவலைப் படித்தார். பாரூக் உள்ளூர்க் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். நடந்த போருக்குள் கற்பனை உளவாளி ஒருவனை நுழைத்து, பாலம் தகர்வதற்குள் அவன் சிக்குவானா மாட்டானா என்று மூச்சுவிடாமல் எழுதியிருந்தான். அண்ணனின் கடிதங்களைக் கொடுத்து உதவியவர் சங்கையா என்பதால், அச்சுக்குப் போகுமுன் பிரதி அவர் கைக்கு வந்தது.

நூற்றுப் பதினோராம் பக்கம் வரை சிவப்பு மையில் நான்கே திருத்தம். அடுத்த பக்கத்தில், வன்னியம்பட்டிக்காரனான சிவபாண்டி என்ற மார்ட்டர் பீரங்கி வீரன், எதிரி நெருங்கியதும் பீரங்கியை விட்டுவிட்டு அரை மைல் ஓடினான். பிறகு திரும்பி வந்து சண்டை போட்டுச் செத்தான்.

மறுநாள் காலையிலேயே பாரூக்கை வரவழைத்தார்.

“யாருலே ஓடினது?”

“கதைதானே ஐயா. பேரைக்கூட மாத்திட்டேன்.”

“பேரை மாத்துன, ஊரை மாத்தலியே. வன்னியம்பட்டியில இருந்து மார்ட்டருக்குப் போனது ஒருத்தன்தான், எங்க அண்ணன். உளவாளியும் பாலமும் உன் சரக்கு, வச்சுக்கோ. இதை யாரு சொன்னா?”

பாரூக் தயங்கினான். “மைதீன் பிச்சை பெரியவர்.”

மைதீன் பிச்சை அதே பீரங்கியில் தனுஷ்கோடியோடு நின்றவர். ஒவ்வொரு டிசம்பரிலும் நினைவு நாளன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து, படத்துக்கு முன்னால் சல்யூட் அடித்து, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகிறவர். பொய் சொல்கிற ஆள் இல்லை.

சங்கையா அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் படித்தார். பிறகு முகம் தெளிந்தது.

“பட்டாளம் பார்க்காத பயலுக்கு எப்படிப் புரியும்? பீரங்கி எதிரி கையில சிக்கப்போகுதுன்னா, குறி வைக்கிற ஆளு சைட்டைக் கழத்திக்கிட்டுப் பின்னால போகணும். குறிபார்க்கிற அந்தக் கருவி இல்லாட்டி பீரங்கி வெறும் குழாய். அது ஓட்டம் இல்லலே, உத்தரவு. மைதீன் அண்ணன் வாயாலயே கேட்டுட்டு வாரேன். பொறவு அந்தப் பக்கத்தை நீயே கிழிக்கணும்.”

பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிப் பக்கத்தில் தன் கயிற்றுக் கடையில் மைதீன் பிச்சை தனியாக உட்கார்ந்திருந்தார். இடது மணிக்கட்டு அவருக்கு மடங்காது, போர் கொடுத்தது.

“வாங்க சுபேதார். டிசம்பருக்கு நாள் கெடக்கே, அதுக்குள்ள வாரிய?”

“ஒரே கேள்வி. அண்ணன் பின்னால போனப்ப கையில சைட்டு இருந்துச்சுல்ல?”

மைதீன் பிச்சை கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார்.

“இல்ல தம்பி. வெறுங்கை. சைட்டு பீரங்கியிலேயே இருந்துச்சு. ரைபிளும் குழிக்குள்ள கெடந்துச்சு. பயந்துட்டான். நானும் ஓடியிருப்பேன், கால் எந்திரிக்கல. அம்புட்டுதான் வித்தியாசம்.”

“ஐம்பது வருஷமா என் வீட்டுல காப்பி குடிச்சியளே, ஒரு வார்த்தை சொன்னியளா?”

“நீங்க கேட்டியளா? அண்ணன் எத்தனை குண்டு போட்டாவன்னு கேட்டிய, சொன்னேன். பயமா இருந்துச்சான்னு அந்தப் பய பாரூக்குதான் கேட்டான்.”

சங்கையா எழுந்தார். கடைப்படி இறங்கப்போனவர் நின்றார்.

“எம்புட்டுத் தூரம் ஓடினான்?”

“மூங்கில் புதர் வரைக்கும். இருநூறு தப்படி இருக்கும். அங்க போயி குந்திட்டான். யாரும் கூப்பிடல, கூப்பிட ஆளும் மிச்சமில்ல. நான் மணிக்கட்டு சிதறிக் கெடக்கேன். தன்னால எந்திரிச்சான். ஓடி வரல தம்பி, நடந்து வந்தான். அவனே குறி வச்சு அவனே குண்டு போட்டான். பத்தொன்பது. இருபதாவது கையில இருக்கப்ப முடிஞ்சுபோச்சு.”

சங்கையா பஸ் நிலையத்துக்கு நடந்தார். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து வந்தார்.

மாலையில் பாரூக் வந்தபோது பிரதி மேசைமேல் தயாராக இருந்தது.

“ஐயா, அந்த ஓட்டத்தை எடுத்துருதேன்.”

“எவன்லே எடுக்கச் சொன்னான்? அரை மைல்ங்கிறது தப்பு, அதை எடு. இருநூறு தப்படி. ஓடினதுக்கு ஒரு பக்கம், திரும்பி வந்ததுக்கு ஒரு வரியா? அதுக்கும் ஒரு பக்கம் எழுது. நடந்து வந்தான்னு எழுது.”

பாரூக் பக்கங்களைப் புரட்டினான். சிவபாண்டி என்று வருகிற இடமெல்லாம் சிவப்பு மையில் அடித்து, மேலே தனுஷ்கோடி என்று எழுதியிருந்தது.

“நெசப் பேரே போட்டுருவமாய்யா?”

“போடு,” என்றார் சங்கையா. “முன்னால பட்டாளத்து வீடுன்னு சேர்த்துக்கோ.”