இரண்டாவது நாற்காலி

அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வைத்தது பழைய அலுவலகத்தில் யாரோ. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து நிலைநாட்டியது அவள் கணவர். காய்ச்சிய பாலை மூன்று முறை முகர்ந்து பார்ப்பாள். கடிதம் வந்தால் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பாள். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி எத்தனை பேர்கிட்ட விசாரிச்சே?" என்று அவர் கேட்பார். "பதினோரு பேர்" என்பாள், சிரிக்காமல்.

விபத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவள். நசுங்கிய ஒரே கார்க் கதவை வைத்து மூன்று பேர் மூன்று ஊரிலிருந்து விண்ணப்பம் போட்டதைக் கண்டுபிடித்தவள் என்ற பெருமை அவளுக்கு உண்டு. ஒரே விவரம் இரண்டு கோப்பில் வந்தால் அதில் ஒன்று நகல். அந்த விதி ஒருநாளும் அவள் காலை வாரியதில்லை.

ஓய்வு பெற்று வீட்டில் பாலை முகர்ந்துகொண்டிருந்தவளை அறக்கட்டளைக்கு இழுத்துவந்தது அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி. அங்கே ஓரகத்தி ஆலோசகர்; இவளுக்குக் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலை. வெளிப் பலகையில் 'தையல் பயிற்சி நிலையம்' என்றுதான் இருக்கும். உள்ளே இரண்டு தையல் மெஷின் இருப்பதும் உண்மை, யாராவது எட்டிப் பார்த்தால் காட்டுவதற்கு. போரில் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு வைத்தியம், தங்க ஓர் அறை, மனம்விட்டுப் பேச ஓர் ஆள் என்று ஏற்பாடு செய்துகொடுக்கும் இடம் அது. வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில்கூட வாய் திறந்ததில்லை. அதனால் ஓரகத்தி ஒரு வழக்கத்தைக் கறாராக வைத்திருந்தாள். ஒரு நேரத்தில் ஒரே பெண். பின்பக்கச் சந்து வழியாக வரவேண்டும். காத்திருக்கும் அறையில் ஒரே ஒரு நாற்காலி. ஒருத்தி முகத்தை இன்னொருத்தி பார்க்கவே கூடாது. கோப்பில் பெயர்கூடக் கிடையாது, எண்தான்.

பூதக்கண்ணாடிக்கு அது முதல் நாளிலிருந்தே உறுத்தியது. யாரும் யாரையும் பார்க்காத இடத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாமே.

எழுபத்து நாலாம் கோப்பு ஒரு சலவைக்காரியுடையது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் போர்வை அலசுகிறவள். உள்ளே ஏற்பட்ட காயம் பதினோரு வருடமாக ஆறவில்லை. நின்றுகொண்டு வேலை செய்தால் வலி, உட்கார்ந்தால் அதைவிட வலி. இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அறுவை சிகிச்சைக்கு நாள் கிடைத்திருந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைக்குள் கோப்பைச் சரிபார்த்து, 'உண்மை' என்று பூதக்கண்ணாடி கையெழுத்துப் போட்டால் நடக்கும். போடாவிட்டால் அந்த நாள் வேறொருத்திக்குப் போய்விடும். அடுத்த நாள் எப்போது என்று டாக்டருக்கே தெரியாது.

கையெழுத்துக்குப் பேனா மூடியைத் திறந்தவள் நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டாள். கதவுக்குப் பாதிவரை பச்சைப் பெயிண்ட். நிற்காமல் சொட்டும் குழாய். கூரையில் மூன்று ஓடு உடைந்து தெரியும் வானம். வாசலில் காலை இழுத்து நடக்கும் ஒருவன். இதை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று அலமாரியைக் குடைந்தாள். முப்பத்தோராம் கோப்பில் இருந்தது. அதே கதவு, அதே குழாய், அதே மூன்று ஓடு, அதே கால்.

ஒரே இடமாக இருக்கலாமே என்று நினைக்கத் தெரியாத முட்டாள் அல்ல அவள். இருவருமே அதே மழை மாதத்தில் அங்கே இருந்ததாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் படிவத்தில் பன்னிரண்டாம் கேள்வி, 'உங்களுடன் வேறு யாராவது இருந்தார்களா?' என்பது. இரண்டு பேருமே 'இல்லை, நான் மட்டும்தான்' என்றிருந்தார்கள். ஒரே அறையில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் எப்படித் தனியாக இருக்க முடியும்? எழுபத்து நாலின் அட்டைமேல் சிவப்பு மையில் 'நகல்?' என்று எழுதினாள். கேள்விக்குறியை மனசாட்சிக்காகப் போட்டாள்.

யார் கதையை யாருக்கு விற்றார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் அவள் கண்ணுக்கு நல்லவர் என்று யாருமே இல்லை. தரை துடைக்கிறவள் எதற்கு அலமாரிப் பக்கம் இரண்டு முறை துடைக்கிறாள்? வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரருக்குச் சலவைக்காரியைக் கண்டதும் ஏன் அப்படியொரு மரியாதை? செவ்வாய்க்கிழமை வரும் முப்பத்தொன்று, சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கிறவள், அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பாளே, அது என்ன? மனப்பாடம் செய்ததை ஒப்பித்துப் பார்க்கிறாளோ? அப்படியானால் அவளும் பொய்யா?

கடைசியில் சந்தேகம் சுற்றிச் சுற்றி ஓரகத்தியிடமே வந்து நின்றது. இரண்டு கதையையும் கேட்டு எழுதியவள் அவள் ஒருத்திதான். இரக்கப்பட்டுச் சொல்லிக்கொடுத்திருப்பாளோ? ஞாயிற்றுக்கிழமை மதியம், இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும்போது மெதுவாகத் தூண்டில் போட்டாள்.

"ரெண்டு பேர் ஒரே கதையைச் சொன்னா நீ என்ன நினைப்பே?"

ஓரகத்தி தட்டைத் துடைத்தபடியே சொன்னாள். "ஒரே மாதிரிப் பாவம் ரெண்டு பேருக்கு நடந்திருக்குன்னு நினைப்பேன்."

"மாதிரி இல்ல. அச்சு அசல்."

"அக்கா, உங்களுக்கு வேலை வாங்கித் தந்ததுக்கு என்னைத்தான் உதைக்கணும். அவங்க என்கிட்ட சொன்னதை நான் சாப்பாட்டு நேரத்துல பேசமாட்டேன். உங்ககிட்டயும்தான்."

கழுவின மீனில் நழுவின மீனாக இருக்கிறாளே என்று பூதக்கண்ணாடிக்குப் பட்டது. அவள் கணவர் கூடத்திலிருந்து, "அங்க என்ன விசாரணைக் கமிஷன் நடக்குது?" என்று கேட்டார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். பழைய அலுவலகத்தில் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. சந்தேகப்பட்ட இரண்டு பேரையும் முன்னறிவிப்பில்லாமல் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டு, முகத்தை மட்டும் பார்ப்பது. ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்றால் கண் தப்பாமல் காட்டிக்கொடுத்துவிடும். புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு படிவத்தில் கையெழுத்து வேண்டும் என்று இருவருக்கும் அவளே போன் செய்தாள். ஓரகத்தி புதன்கிழமைகளில் பன்னிரண்டுக்குத்தான் வருவாள்.

காவல்காரரிடம் இன்னொரு நாற்காலி கேட்டாள். அவர் எழுந்திருக்கவே இல்லை.

"அந்த ரூமுக்கா? அங்க ஒண்ணுதாம்மா. சின்னம்மா சொல்லியிருக்காங்க."

"நான் பெரியம்மா. எடுங்க."

அவர் தன் நாற்காலியையே தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டார். போட்டுவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையையும் அவள் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

காத்திருக்கும் அறைக்கும் கோப்பு அறைக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல், பூப்போட்ட திரையோடு. பூதக்கண்ணாடி திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மடியில் இல்லாத கனமெல்லாம் அன்றைக்கு நெஞ்சில் இருந்தது. செய்வது சரியில்லை என்று அவளுக்கே தெரிந்திருந்ததுதான் காரணம்.

பொத்தான்காரி முதலில் வந்தாள். இரண்டாவது நாற்காலியைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் தயங்கித் தயங்கிச் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் சலவைக்காரி. உள்ளே ஒருத்தி இருப்பதைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தாள். ஆனால் மூன்று தெரு நடந்துவந்த வலி அவளை விடவில்லை. மற்ற நாற்காலியின் நுனியில், பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்தாள். ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர், பேருந்துக்குக் காத்திருப்பதுபோல.

பூதக்கண்ணாடிக்கு ஏமாற்றமாக இருந்தது. என்ன நடிப்பு என்றுகூட நினைத்தாள். அதை நினைத்து அவள் பின்னால் பலநாள் வெட்கப்பட்டாள்.

பொத்தான்காரியின் உதடு அசைய ஆரம்பித்தது. பயம் வந்தால் வரும் அதே முணுமுணுப்பு. ஆள் பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, இன்றைக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்தது. பூதக்கண்ணாடி காதைத் திரையோடு ஒட்டினாள்.

"அஞ்சு பதினேழு எம்பத்தி அஞ்சு. ஆறு பதினேழு நூத்தி ரெண்டு."

வாய்ப்பாடு. ஒப்பித்தது கதையை அல்ல, பதினேழாம் வாய்ப்பாட்டை.

"ஏழு பதினேழு நூத்திப் பத்தொம்போது. எட்டு பதினேழு நூத்தி முப்பத்தி நாலு."

தப்பு என்று பூதக்கண்ணாடியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஆனால் அவளுக்கு முன்னால் இன்னொரு குரல் சொல்லிவிட்டது.

"முப்பத்தி ஆறு."

சலவைக்காரி. குனிந்த தலை நிமிராமல், மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துச் சொன்னாள். சொன்னபிறகுதான் தான் சொன்னதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பொத்தான்காரி முணுமுணுப்பை நிறுத்தியிருந்தாள். "என்ன சொன்னீங்க?"

"நூத்தி முப்பத்தி ஆறு. நீங்க எப்பவும் அந்த எடத்துல முப்பத்தி நாலுன்னுதான் சொல்லுவீங்க." சலவைக்காரி இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அங்கயும் சொன்னேன்க்கா. செவுத்துல வாயை வச்சு, ஒவ்வொரு தடவையும் சொன்னேன். உங்களுக்குக் கேக்கல."

வெளியே சந்தில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"கேட்டுச்சு" என்றாள் பொத்தான்காரி. "யாரோ திருத்துறாங்கன்னு கேட்டுச்சு. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நினைச்சேன். அதான் யார்கிட்டயும் சொல்லல."

"ஒருநாள் உங்க சத்தம் நின்னுபோச்சு. உங்களைக் கொன்னுட்டாங்கன்னு நினைச்சு அழுதேன். அப்புறம் நான்தான் சொன்னேன், உங்களுக்குப் பதிலா. பதினேழுலேர்ந்து ஆரம்பிச்சு."

ஒரு சுவர். இந்தப் பக்கம் ஓர் அறை, அந்தப் பக்கம் ஓர் அறை. இருவருக்கும் பாதிப் பச்சைக் கதவு, வெளியே ஒரே தாழ்வாரம், அதில்தான் அந்தக் குழாயும் உடைந்த ஓடும். படிவம் அறையைக் கேட்டது, அவர்கள் அறைக்குப் பதில் சொன்னார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று பூதக்கண்ணாடி உட்பட ஒருவரும் கேட்கவில்லை. போதாக்குறைக்கு இரண்டு வருடமாக இங்கேயும் அவர்களைச் செவ்வாய் என்றும் வியாழன் என்றும் பிரித்து, நடுவில் ஒரு சுவரை எழுப்பிவைத்திருந்தார்கள், நல்ல எண்ணத்தோடுதான். திரைக்குப் பின்னால் நின்றவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வரவேண்டிய ஓரகத்தி, காவல்காரர் போன் செய்ததால் பத்தரைக்கே வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"அந்த ரூம்ல ஒரு நாற்காலி ஏன் போட்டிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதாக்கா? யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க?"

"யாரையும் கேக்கல. பண்ணினது தப்பு. அவங்ககிட்டயும் சொல்லிடறேன். நீ திட்டறதை அப்புறம் திட்டு. முதல்ல உள்ள பாரு."

ஓரகத்தி திரையை விலக்கவில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். அதுதான் அவளுக்கும் இவளுக்கும் வித்தியாசம்.

பூதக்கண்ணாடி மேசைக்குத் திரும்பி எழுபத்து நாலாம் கோப்பை எடுத்தாள். சிவப்பு மை அழியாது. 'நகல்?' என்பதன் கீழே, 'உண்மை. சந்தேகப்பட்டது என் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் எந்தக் கோப்பிலும் அவள் எழுதியிராத வரி அது.

கடைசிப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கான தாள். 'துணைக்கு வருபவர்' என்ற இடத்தில் 'யாரும் இல்லை' என்று ஓரகத்தியின் எழுத்தில் இருந்தது. அந்தத் தாளையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டுபோய், இந்த முறை கதவைத் தட்டினாள். உள்ளே மூவரும் இருந்தார்கள். உட்கார இடமில்லாமல் ஓரகத்தி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

பொத்தான்காரி தாளை வாங்கி அந்த வரியைப் படித்தாள். 'யாரும் இல்லை' என்பதை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். "சீக்கிரமே வந்துடறேன். மயக்க மருந்து குடுக்கிறவரைக்கும் சொல்லிட்டே இருப்பேன். தப்பு வந்தா நீ திருத்து."