செஞ்சி ரோட்டு மடக்கு

“அண்ணே, அன்னிக்கு நீங்க எந்தப் பக்கம் நின்னு கேட்டீங்க?”

வாட்ஸப் குழுவில் ஜினேஷ் இப்படிக் கேட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. கலைப்பிரியா இன்னும் பதில் போடவில்லை. போட முடியாததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அவள் அண்ணன் இல்லை. பத்தொன்பது வயதுப் பெண். குழுவில் இருப்பது அவள் அப்பா பாண்டுரங்கன் வீட்டில் விட்டுப்போகும் போனின் எண். படத்தில் தெரிவது அவர் மீசை. இரண்டு, செஞ்சி ரோட்டு பேண்டு வாசித்து அவள் எந்தப் பக்கமும் நின்று கேட்டதில்லை. நேரில் பார்த்ததே இல்லை.

திண்டிவனம் செஞ்சி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையிலிருந்து கிளம்பும் ஏழு பேர்தான் அந்த பேண்டு. டிரம்பெட் வாசிக்கும் சவுரிராயன் தலைவர், எல்லோருக்கும் மாஸ்டர். ஒரு கிளாரினெட், ஒரு பம்பை, மூன்று டிரம். கடைசி வரிசையில் இரண்டு கையிலும் கிலுகிலுப்பை மாதிரியான மரகாஸைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டு வரும் அரங்கநாதன். மற்ற செட்டுகளைப் போல இவர்கள் பாட்டுக்கு மேல் பாட்டு வாசித்துத் தள்ள மாட்டார்கள். ஒரு மெட்டை எடுத்தால் நாலு தெரு தாண்டும்வரை விடமாட்டார்கள். நீட்டுவார்கள், உடைப்பார்கள், பம்பைக்குக் கொடுத்து வாங்குவார்கள். அப்புறம் யாரும் எதிர்பாராத ஓர் இடத்தில் ஏழு பேரும் ஒரே மூச்சில் வேறு நடைக்குத் திரும்புவார்கள். அந்தத் திருப்பத்துக்கு ரசிகர்கள் வைத்த பெயர் மடக்கு. மடக்கு விழும் நொடியில் வானூர்க் கொத்தனாரும் விழுப்புரத்துச் செல்போன் கடைக்காரரும் முன்பின் தெரியாமலே கட்டிப்பிடித்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்டவர்கள் முந்நூறு பேர் சேர்ந்த குழு அது. செஞ்சிப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஜினேஷ்தான் அட்மின். குழுவுக்குச் சட்டம் உண்டு. பேண்டிடம் போய் இந்தப் பாட்டு வாசி, அந்தப் பாட்டு வாசி என்று கேட்கக் கூடாது. ஒலிப்பதிவை வெட்டிப் போடக் கூடாது. பட்டாசுச் சத்தம், குழந்தை அழுகை எல்லாவற்றோடும் முழுசாகப் போட வேண்டும். ஊர்ப் பெயரும் தேதியும் கட்டாயம்.

கலைப்பிரியா பதினொன்றாம் வகுப்போடு நின்றவள். ஓமந்தூருக்குப் பக்கத்தில் வீடு. திண்டிவனத்துத் தையல் கடைகளிலிருந்து வரும் ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் கட்டி, ஓரம் அடிப்பது வேலை. கை ஊசியில் இருக்கும், காதில் பேண்டு இருக்கும். எந்த ஊர், எத்தனையாவது நிமிடத்தில் மடக்கு, அதற்கு முன்னால் என்ன வாசித்தார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்வாள். அதிலிருந்து சில பட்டியல்களை அப்பா பெயரிலேயே குழுவில் போடுவாள். நாலு நோட்டு நிறைந்து, துணி மூட்டைக்கு அடியில் கிடந்தன. வீட்டில் யாருக்கும் தெரியாது.

அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டும். மடக்குவது யார்?

மாஸ்டர்தான், அவர் இடது புருவத்தைத் தூக்கினால் மடக்கு, என்றார்கள் குழுவில். புருவத்தைப் பெரிதாக்கிப் படம்கூடப் போட்டார்கள். மாஸ்டரிடமே கேட்டதற்கு, “அது தானா வரும்பா” என்றாராம். ஆனால் நோட்டு வேறொன்று சொன்னது. சாமி ஊர்வலம் என்றால் ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று மடக்கு. கல்யாண ஊர்வலம் என்றால் இரண்டோ மூன்றோதான். ‘கல்யாணத்துல மாஸ்டருக்கு மூடு வராது’ என்பது குழுவின் தீர்ப்பு. எல்லாக் கல்யாணத்திலுமா வராது? அவள் அந்தக் கேள்வியைச் சிவப்புப் பேனாவில் எழுதி வைத்திருந்தாள்.

விடையின் முதல் துண்டு சித்திரை மாதம் கிடைத்தது. வானூர்க் கொத்தனார் குமரேசன் வண்டி பஞ்சராகித் தாமதமாகப் போய், கூட்டத்தில் முன்னால் நுழைய முடியாமல், பேண்டுக்குப் பின்னால் நின்று பதிவு செய்துவிட்டார். குழுவே அவரை வாரியது.

“யோவ் குமரேசா, டிரம்பெட்டு எங்கய்யா? கிலுகிலுப்பதான் கேக்குது. புள்ளையத் தூங்க வெக்கவா போட்ட?”

கலைப்பிரியா மட்டும் அதை முழுதாகக் கேட்டாள். மரகாஸ் மழை மாதிரி விடாமல் பெய்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது. எட்டு எண்ணிக்கை. மடக்கு. மரகாஸ் மறுபடி தொடங்கியது. அடுத்த மடக்கிலும் அப்படியே. பழைய பதிவுகளையெல்லாம் எடுத்து மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். டிரம்பெட்டுக்கு அடியில், எங்கோ ஆழத்தில், அதே நிறுத்தம் ஒவ்வொன்றிலும் இருந்தது.

அப்படியானால் அரங்கநாதன். ஆனால் அவருக்கு யார் சொல்வது?

இதை அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆடி மாதம் ஜினேஷின் குரல் பதிவு வந்தது. “நம்ம எல்லாரும் சேர்ந்து மாஸ்டருக்கு, தட்டினா எல்லாத் தாளமும் கரண்டுல வர்ற ரிதம் பேடு வாங்கியாச்சு. மூணாம் வெள்ளிக்கிழம திண்டிவனம் அம்மன் ஊர்வலத்துல குடுக்கறோம். இனிமே சவுண்டு சும்மா தெறிக்கும். அரங்கநாதன் அண்ணனுக்கும் வயசாயிடுச்சு, பாவம், கூடவே நடந்துகினு எதுக்குக் கஷ்டப்படணும். அவருக்கு ஒரு சால்வ போட்டு அனுப்பிடலாம்னு மாஸ்டரும் சொல்லிட்டாரு.”

முந்நூறு பேரும் கைதட்டும் படம் போட்டார்கள். கலைப்பிரியாவின் கையில் ஊசி குத்தியது. அரங்கநாதன் போனால் மடக்கு போய்விடும். பேண்டின் உயிரை அதன் ரசிகர்களே ஆசை ஆசையாகப் பிடுங்கப் போகிறார்கள். ‘அவரை அனுப்பாதீங்க’ என்று தட்டினாள். அப்பாவின் மீசை அவளைப் பார்த்தது. அழித்துவிட்டாள்.

மூன்றாம் வெள்ளி காலை ஜாக்கெட் மூட்டையோடு பஸ் ஏறினாள். “துணியக் குடுத்துட்டு ஜல்தியா வந்துடு” என்றாள் அம்மா. மூட்டைக்குள் நாலாவது நோட்டு இருந்தது.

ஊர்வலம் கடைத்தெருவில் வந்துகொண்டிருந்தது. பேண்டு முன்னால், அதன் பின்னால் எட்டு ஆட்கள் மூங்கில் தண்டுகளில் அம்மனைத் தோளில் சுமந்து வந்தார்கள். ரசிகர் கூட்டம் முழுக்க மாஸ்டரின் புருவத்துக்கு எதிரே பின்னோக்கி நடந்தது. கலைப்பிரியாவுக்கு அந்தக் கூட்டத்தில் நுழையத் தைரியம் இல்லை. ஓரமாகப் பின்னால் நடந்தாள். அங்கே அரங்கநாதன்.

ஒடிசலான மனிதர். பேண்டில் மற்ற ஆறு பேரும் முன்னால் பார்த்து நடந்தார்கள். அவர் மட்டும் பாதி உடம்பைத் திருப்பி, தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். தரையை இல்லை. சாமி தூக்குகிறவர்களின் கால்களை. பின்வரிசையில் ஒருவருடைய குதிகால் லேசாக இழுத்தது. மரகாஸ் நின்றது. அவள் எண்ணினாள். எட்டு. மடக்கு விழுந்தது. நடை தளர்ந்து திரும்பிய அந்த ஒரு கணத்தில் எட்டுப் பேரும் தண்டை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள். அம்மன் அசையக்கூட இல்லை.

கல்யாணத்தில் மாப்பிள்ளை காரில் வருவார். யாருக்கும் தோள் வலிக்காது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தெருவில் தனியாகச் சிரிக்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீர்மோர்ப் பந்தலில் ஊர்வலம் நின்றது. அங்கேதான் பேடைத் தள்ளுவண்டியில் வைத்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். வாசிக்கப் போகிறவன் பிரவீன்குமார், மாஸ்டரின் தங்கை மகன். சால்வை ஜினேஷின் கையில் இருந்தது. கலைப்பிரியா அவர் முன்னால் போய் நின்றாள். நோட்டைத் திறந்து நீட்டினாள்.

“என்னாம்மா இது?”

“மடக்கு. எல்லா ஊரும். அரங்கநாதன் அண்ணன் நிறுத்தினா எட்டு எண்ணி மடக்கு விழுது. அவரு சாமி தூக்கறவங்க காலப் பாத்து நிறுத்தறாரு.”

ஜினேஷ் பக்கங்களைத் திருப்பினார். “இந்த லிஸ்டு பாண்டுரங்கன் அண்ணன் போடற மாதிரியே இருக்கே. அவரு உனக்கு...?”

“எங்க அப்பா. ஆனா குழுவுல போடறது நான்தான்.”

ஜினேஷ் அவளை நிமிர்ந்து பார்த்தார். “ஒரு வருஷமா உன்னையா நான் அண்ணேன்னு கூப்டுக்கினு இருந்தேன்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டார். முகத்தில் கோபம் இல்லை, வேடிக்கைதான் இருந்தது.

“இருவது வருஷமா நான் வாசிக்கறேன். எனக்குத் தெரியாதது இந்தப் பாப்பாவுக்குத் தெரியுதாம். செரி, பாத்துடலாம். அரங்கா, கோயில் வரிக்கும் நீ சும்மா கூட வா. பிரவீனு, பேடை அடிடா.”

அரங்கநாதன் மரகாஸைப் பம்பைக்காரரின் பையில் வைத்துவிட்டு, சாமி தூக்குகிறவர்களில் களைத்துப்போன ஒருவரை விலக்கிவிட்டுத் தண்டுக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தார்.

பேடு நன்றாகத்தான் இருந்தது. கணீரென்று, கொஞ்சமும் பிசகாமல் அடித்தது. மாஸ்டர் மெட்டை எடுத்தார், நீட்டினார், உடைத்தார். ஒரு தெரு முடிந்தது. மெட்டு அதே மெட்டு. ரசிகர்கள் புருவத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். மாஸ்டர் புருவத்தைத் தூக்கவும் செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த தெருவில் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. எதற்காகவோ காது கொடுத்துக் காத்திருக்கிற ஆள் போல இருந்தார். ஆனால் எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

பின்னாலிருந்து, தண்டு சுமந்த ஓர் ஆளின் குரல் வந்தது. “யோவ் மாஸ்டரே, மடக்குய்யா. தோளு போவுது.”

அம்மன் ஒரு பக்கம் சாய்ந்தாள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாஸ்டர் அவசரமாகத் தானே திருப்பினார். கிளாரினெட் கூட வந்தது, டிரம் மூன்றும் பழைய நடையிலேயே போயின, பம்பை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கடைசி ஐம்பது அடியை ஊர்வலம் வெறும் காலடிச் சத்தத்தோடு கடந்து கோயில் வந்து சேர்ந்தது.

அம்மனை இறக்கி வைத்ததும் எல்லோரும் அரங்கநாதனைப் பார்த்தார்கள். அவர் துண்டால் தோளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோல் சிவந்திருந்தது.

“அப்ப அந்தப் புருவம்?” என்று ஆரம்பித்தார் குமரேசன். யாரோ அவர் காலை மிதித்தார்கள்.

மாஸ்டர் கிட்டே வந்தார். “இத்தினி வருஷத்துல ஒரு வார்த்த சொல்லலையே நீ.”

“நீ திரும்பிப் பாப்பன்னு நெனச்சேன்” என்றார் அரங்கநாதன்.

ஜினேஷ் சால்வையை மடித்து இடுக்கிக்கொண்டார். கலைப்பிரியாவிடம் மெதுவாக, “நோட்டக் குடும்மா, குழுவுல போடறேன்” என்றார். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “இன்னும் முடியல. எட்டு எதுக்குன்னு தெரியல. ஏன் ஏழு இல்ல?”

பிரவீன்குமார் பேடின் ஒயரைச் சுற்றி எடுத்தான். மாஸ்டர் டிரம்பெட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். யாரையும் பார்க்கவில்லை. பைக்கில் ஏறி உட்கார்ந்து கிளப்பினார். ஆனால் நகரவில்லை. வண்டி உறுமிக்கொண்டே நின்றது. அவர் பின் இருக்கையில் இருந்த டிரம்பெட் பெட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அரங்கநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். பம்பைக்காரரின் பைக்குள் கையை விட்டு மரகாஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் வண்டியின் பின்னால் உட்கார்ந்தார். இருவரும் செஞ்சி ரோட்டுப் பக்கம் போனார்கள்.