நாலு நாளாக மாறாத படம்

என் கணவர் இஷாம் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். நடுக்கடலில் போன் எடுபடாது. கப்பல் கம்பியூட்டரிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம், அவ்வளவுதான். அதற்காகவே போன லீவில் பத்து நாள் என்னோடு ஒழுங்காகப் பேசாமல் ஒரு படச்சட்டம் செய்து சுவரில் மாட்டிவிட்டுப் போனார். பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னக் கம்பியூட்டர். முன்னால் மின்தாள். அது டிவி போல வெளிச்சம் விடாது. பேப்பரில் அச்சடித்த படம் மாதிரி சாம்பல் நிறத்தில் இருக்கும். தினமும் காலை ஆறு மணிக்கு அவர் அனுப்பிய படத்தை இன்டர்நெட்டில் எடுத்து அந்தத் தாளில் போடும்.

தொழுகிற வீட்டில் முகம் உள்ள படம் மாட்டுவது அவருடைய உம்மாவான என் மாமிக்குப் பிடிக்காது. அதனால் இஷாம் தன் கையை மட்டும் எடுத்து அனுப்புவார். கப்பல் கம்பியைப் பிடித்த கை, கயிற்றைப் பிடித்த கை, பின்னால் கடல். காத்தான்குடியிலேயே புருஷனின் கையோடு மட்டும் குடும்பம் நடத்துகிறவள் நான்தான்.

புதன்கிழமை தேத்தண்ணிக் கோப்பை பிடித்த கை வந்தது. வியாழனும் அதே கோப்பை. வெள்ளியும் சனியும் அதே. பழைய படத்தையே அனுப்புகிறார், சோம்பேறி என்று திட்டினேன். சனி இரவுச் செய்தியில் அரபிக்கடலில் புயல் என்றார்கள். ஞாயிறு காலையும் அதே கோப்பை. திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவரை அனுப்பிய ஏஜென்சிக்குப் போன் அடித்தேன், லீவு நாளில் எடுக்க ஆளில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கப்பல் கவிழ்வது வரை யோசித்துவிட்டேன்.

மாமி பக்கத்துத் தெரு. விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு மகனின் கையைப் பார்க்க வருவது வழக்கம். அன்றும் வந்தார்.

"என்ன மகள், புள்ளைட படம் வந்திட்டா?"

"ஓம் மாமி. தேத்தண்ணி குடிக்கார்."

"நல்லாக் குடிக்கட்டும்" என்று தேத்தண்ணி போடக் குசினிப் பக்கம் போனார்.

பொய் சொன்ன ஆத்திரத்தில் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். வயரும் கூடவே வந்தது. அதன் நுனியில் பிளக், எங்கேயும் செருகப்படாமல்.

புதன் மாலை ஆற்றுப் பக்கம் இடி இடித்தபோது வீட்டுப் பிளக்கையெல்லாம் நான்தான் கழற்றினேன். மின்னல் என்றால் ஊரே செய்கிற வேலை. பிறகு டிவி, பிரிட்ஜ், ரவுட்டர் எல்லாவற்றையும் செருகினேன், இதை மறந்துவிட்டேன். கறண்ட் இல்லாவிட்டாலும் தாளில் படம் அழியாது என்று இஷாம் ஆயிரம் தரம் சொன்னார். நான் காது கொடுத்தால்தானே.

பிளக்கைச் செருகினேன். கறண்ட் வந்ததும் அது தானாகவே புதுப் படத்தைத் தேடும். தாள் கறுத்தது, வெளுத்தது, மறுபடி கறுத்தது. பிறகு ஒரு கை வந்தது. விரித்த உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தது: "புயல் முடிஞ்சி. சுகம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று பின்னால் சத்தம் கேட்டது. மாமி சுவரைப் பிடித்தபடி நின்றார்.

"நாலு நாளா அதே கோப்பை எண்டு நானும் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன் மகள். நீ பயந்திருவாய் எண்டுதான் வாயைத் திறக்கல்ல."

"நானும் அதுக்குத்தான் மாமி."

மாமி அப்படியே தரையில் உட்கார்ந்து முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அவர் மடியில் தலையை வைத்து, வெட்கமில்லாமல், ஆசை தீர அழுதேன்.