இலையைப் பிடித்த கை

பட்டப்பகலில் பூமியை இருட்டாக்கும் வேலை குணசுந்தரிக்கு வாய்த்தது. புதுவாயலில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர் அவள். இணையவழிப் பயிற்சியை முடிக்கிறவர்களுக்குத்தான் அடுத்த வருஷம் வேலை என்று தாளாளர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நால்வர் ஒரு குழு. பெரிய விண்கல் விழுந்தால் பூமி என்ன ஆகும் என்று ஆளுக்கொரு பங்கு எழுத வேண்டும். நாகர்கோவில் கிரேஸ் காற்றை எடுத்துக்கொண்டாள். நிலமும் நீரும் மற்ற இருவருக்குப் போயின. உயிர்களெல்லாம் இவள் தலையில்.

ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். தூசி வானத்தை மூடும், வெயில் தரைக்கு வராது என்று கிரேஸ் முடித்திருந்தாள். வெயில் இல்லாமல் இலை உணவு தயாரிக்காது, இலையைத் தின்பவை சாகும், பிறகு நாம் என்று இவள் புத்தகத்தைப் பார்த்து எழுதிப் போட்டாள். 'கண்ணால் பார்த்தது ஏதாவது சேர்க்க முடியுமா, டீச்சர்?' என்று கிரேஸ் கேட்டிருந்தாள்.

அதற்கா பஞ்சம்? மொட்டை மாடியில் கருவேப்பிலைத் தொட்டி தினமும் கரி பூசிக்கொண்டுதான் நிற்கிறது. புருஷன் மணவாளனை ஓர் ஈர்க்கைப் பிடிக்கச் சொல்லி, ஒரு பக்கத்து இலைகளை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, செல்போனில் படம் எடுத்தாள். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் கறுப்பு. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும் என்று அவளுக்கு ஒரே பெருமை.

கும்மிடிப்பூண்டி பிரவுசிங் சென்டரில் படம் திரையில் பெரிதாக விரிந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணவாளனின் முகம் மாறியது.

"பின்னாடி இன்னா இது, குணா?"

"உங்க கம்பெனி சிம்னிதான். நம்மூட்டு மாடிலேர்ந்து வேற இன்னா தெரியும்?"

"எட்த்துடு. இந்தப் புகையப் பத்தி பேப்பர்காரன்கிட்ட பேசுனாருன்னு எங்கூட வேல பாத்த சின்னதுரை அண்ணன வெளிய அனுப்சிட்டானுங்க. நான் காண்ட்ராக்ட்டு ஆளு. நமக்கு எதுக்கு பேஜாரு?"

"நாலு பேருதாங்க பாப்பாங்க."

"நாலு பேரு பாத்தா போதாதா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்தப் படம் இல்லாவிட்டால் தன் வேலை என்ன ஆவது? அதற்குள் அவன் இருமினான். குளிர்காலமானால் சளி என்பான், வெயில்காலமானால் ஏசி என்பான். வீட்டில் ஏசி ஏது? அந்த இருமலைக் கேட்டதும் கோபம் போய் பயம்தான் மிஞ்சியது. சோறு போடுகிற இடத்தைக் குறை சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. சிம்னியை வெட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் வெட்டு. புகை தெரியுது." வெட்டினாள். "இப்ப சரி. எந்த ஊருன்னே தெரியாது. கரண்ட் போறதுக்குள்ள அனுப்பு." நிம்மதியாக டீ வாங்கப் போனான்.

அப்புறம்தான் அவள் படத்தில் ஈர்க்கைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தாள். லீவு நாளென்று சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்த கை. அப்படியும் நகக்கண்ணிலும் கட்டைவிரல் ரேகையிலும் கரி கோடு கோடாக இறங்கியிருந்தது. தினம் சோறு போடுகிற தட்டில் பார்க்கிற கைதான். இத்தனை பெரிதாகப் பார்த்ததில்லை.

டீயோடு வந்தவன், "அனுப்சிட்டியா?" என்றான்.

"கைய வெட்னா எலையும் போயிடுங்க."

அவன் திரையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"யாரு கைன்னு மட்டும் போடாத" என்றான்.

அவள் பொத்தானை அழுத்தினாள். படம் மெல்ல மெல்ல இணையத்தில் ஏறிக்கொண்டிருந்தது. மணவாளன் டீயைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலைப் பேண்டில் தேய்த்தான். தூக்கிப் பார்த்தான். மறுபடியும் தேய்த்தான்.