பதினேழாவது பெயர்

சஞ்சீவி டிவி என்று சொன்னால் இன்றைக்கு ராஜபாளையத்தில் பாதிப் பேர் முழிப்பார்கள். தொண்ணூற்றொன்றில் தொடங்கி மூன்று வருஷம் ஓடிய கேபிள் சேனல் அது. அதில் தினமும் செய்தி வாசித்தவள் நான், சண்முகத்தாய். ஒரு கேசட்கூட மிச்சமில்லை. இன்றைய செய்தியின் மேலேயே நாளைய செய்தியைப் பதிவு செய்வோம். அதனால் நான் சொல்வதை நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

டிவி நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். காசிராஜன் அண்ணாச்சியின் ரேடியோ ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு அறை. சுவரில் நீலப் போர்வை, ஒரு மேஜை, கல்யாண வீடுகளுக்குப் போய்வரும் வீடியோ கேமரா. சத்தம் மைக்கில் விழும் என்று ஃபேனை நிறுத்திவிடுவார். நான் வியர்த்து வழிய வாசிப்பேன். செய்தி வாசிக்கிற பிள்ளைக்கு முகத்தில் என்ன களை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஐந்து மணிக்குப் பதிவு, ஏழு மணிக்கு ராஜபாளையத்தில் ஒளிபரப்பு. பிறகு அதே கேசட் பஸ் கண்டக்டர் கையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகும். அங்கே இன்னொரு கேபிள்காரர் எட்டரைக்குப் போடுவார். வெட்டி ஒட்ட வசதி கிடையாது. தடுமாறினால் தடுமாறியதுதான்.

எந்தத் தெருவுக்கு நாளைக்குத் தண்ணீர் வரும், யார் இறந்தார்கள், யார் வீட்டு நாயைக் காணோம் என்பதுதான் செய்தி. தண்ணீர் வரும் தெருக்களை வாசிக்கும்போது ஊரே மூச்சுவிடாது. டெல்லிச் செய்தி வாசிக்கிறவர்களைவிட எனக்கு மவுசு அதிகம் என்ற கர்வம் எனக்கு இருந்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். தொண்ணூற்று மூன்று வைகாசியில் அங்கே ஸ்டிரைக். நாற்பதாவது நாள் நிர்வாகம் அண்ணாச்சிக்கு ஓர் அறிவிப்பைக் கொடுத்து அனுப்பியது. முப்பத்திரண்டு பேரை வேலையிலிருந்து நீக்கியிருக்கிறோம், அவர்கள் இன்னார் இன்னார் என்று. கேட்டில் ஒட்டினால் கிழித்துவிடுகிறார்களாம், அதனால் டிவியில். மில் விளம்பரமும் எங்களுக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சியால் மறுக்க முடியவில்லை.

காகிதம் என் கைக்கு வரும்போது கேமரா ஓடத் தொடங்கியிருந்தது. பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். பதினேழாவதாக அவர் பெயர் இருந்தது.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்தப் பெயரை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கார்டை நீட்டுவேன். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி, மாமியார் சொல்லி, ஊறிப்போன பயம். பத்தாம் வகுப்பு படித்தவள், டிவியில் வருகிறவள், உனக்கா இந்தப் பயம் என்று கேட்டால், ஆமாம், எனக்குத்தான்.

நாக்கு எழவில்லை. பதினாறிலிருந்து பதினெட்டுக்குத் தாவிவிட்டேன். அண்ணாச்சி கவனிக்கவில்லை. அவருக்குப் படம் தெளிவாக விழுந்தால் போதும்.

ஸ்டிரைக்குக்கு ஆதரவு கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போயிருந்த என் வீட்டுக்காரர் ராத்திரி எட்டு மணிக்கு வந்தார். சோறு போடும்போது, "லிஸ்ட்ல உங்க பேரும் இருக்கு" என்றேன்.

சிரித்தார். "இல்லாம இருந்தாத்தாம்ட்டி கேவலம்."

வாசிக்காமல் விட்டதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் போராட்டப் பந்தலுக்குப் போனவர் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"முப்பத்திரண்டு பேருன்னு சொல்லிட்டு முப்பத்தொண்ணுதான் வாசிச்சியாமே. விரல் விட்டு எண்ணியிருக்காங்க. எம் பேரு எங்க?"

"வாயில வரலங்க."

சங்கத் தலைவர் கருத்தையா எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். "ஏலே, மில்லு விளம்பரத்துலதான ஒம் பொண்டாட்டி பொழப்பு ஓடுது. ஒனக்கு மட்டும் உள்ள எடம் போட்டு வச்சிருக்காகளோ?" பின்னாலிருந்து யாரோ 'கருங்காலி' என்றிருக்கிறார்கள். ஒருவரும் இவர் பக்கத்தில் உட்காரவில்லை.

அண்ணாச்சியிடம் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு நேரே பந்தலுக்குப் போனேன். கருத்தையா அதைத் தொடக்கூட இல்லை.

"காயிதம் இப்பக்கூட எழுதலாம் தாயி. டிவியில வந்ததத்தான் நாங்க பார்த்தோம்."

"பேரச் சொல்ல முடியலண்ணே. அம்புட்டுத்தான்."

பந்தலில் ஒருவன் சிரித்தான். "செத்தவன் பேரு, நாய் பேரு எல்லாம் வாசிக்க வருது. புருசன் பேருதான் வரலையாக்கும்!"

நாற்பது நாளாகத் தங்களோடு அரை வயிற்றுக் கஞ்சியில் கிடந்த மனுஷனை ஒரே நாளில் துரோகி ஆக்கிவிட்டார்களே என்று ஆத்திரமாக இருந்தது. ஆனால் ஆக்கியது நான்தான்.

அண்ணாச்சி நல்ல மனுஷர். "அந்தப் பேர நான் வேணா வாசிச்சிருதேன். இல்லன்னா போர்டுல எழுதிக் காட்டிருவோம்" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. நீங்க வாசிச்சா அதுக்கும் ஒரு கதை கட்டுவாக. விட்டவதான் சொல்லணும்."

சாயங்காலம் கிளம்பும்போது மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி, இந்தச் சங்கம் இல்லன்னா இன்னொரு சங்கம். அவன் ஆயுசு போனா வருமா?" அழுதுகொண்டே கேட்டார். விலகி நடந்தேன். பயம் எனக்கும்தான் இருந்தது.

"நேற்றைய மில் அறிவிப்பில் ஒரு பெயர் விடுபட்டுவிட்டது. விட்டது என் தவறு. அந்தப் பெயர்..." என்று நிறுத்தினேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"ரா. சுயம்புலிங்கம். ரிங் பிரேம் பிரிவு. டோக்கன் எண் நானூற்றுப் பதினெட்டு. வேலையிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறார்."

ஏழு மணிக்கு வீட்டில் டிவி முன்னால் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். மாமியார் கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் கதவோரமாக நின்றேன். அந்தப் பெயருக்கு முன்னால் நான் நிறுத்திய நேரம் இவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே சமயத்தில் அந்தப் பெயர் என் குரலில் கேட்டது.

செத்த நேரத்தில் கருத்தையா வாசலில் வந்து நின்றார். பின்னால் நாலைந்து பேர்.

"சுயம்பு, தப்பா நெனச்சிட்டோம். வாப்பா பந்தலுக்கு."

அவர் எழுந்திருக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"நேத்து நீ சொன்னப்ப சிரிச்சேன். காலையில பந்தல்ல இவங்ககூட எம் பேரு லிஸ்ட்ல இருக்குன்னு சண்டை போட்டேன். ஒன் வாயில எம் பேரக் கேட்ட பொறவுதாம்ட்டி, வேலை நெசமாவே போயிருச்சுன்னு தெரியுது."

சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கருத்தையா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.