காலிப் பெட்டிகளுக்குப் பின்னால்

சாட்டின் ஜாக்கல் பேண்டின் ஆல்பம் அட்டையில் நான்கு ஆண்கள் நிற்பார்கள். நாலு பேருக்கும் தோளைத் தாண்டிய முடி, கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம். நடுவில் நிற்கும் பாடகன் ரிக்கி ஃப்ளேம் போட்டிருக்கும் ரோஸ் நிறச் சட்டை என்னுடையது. அந்த உதட்டுச் சாயமும் என்னுடையதுதான், ஒரே குச்சியில் நாலு பேரும் பூசிக்கொண்டார்கள். படத்தில் நான் மட்டும் இல்லை. இப்படி அலங்கரித்துக்கொண்ட ஆண்களுக்கு நடுவே நிஜமாகவே ஒரு பெண் நின்றால் பார்க்கச் சகிக்காது என்று மேனேஜர் சொன்னார். இது என்ன நியாயமோ, எனக்கு இன்றைக்கு வரை விளங்கவில்லை.

என் பெயர் மார்லா ஸ்வோபோடா. ஃபோன்டானா என்ற ஊரில் லூதரன் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவள். ரிக்கியின் நிஜப் பெயர் யூஜின் ஹாஸ்கெல். என் பக்கத்துத் தெரு, வெல்டிங் பட்டறைக்காரரின் மகன். எண்பத்து மூன்றில் ஓர் ஓட்டை வேனில் இரண்டு பேரும் ஹாலிவுட்டுக்கு வந்து சேர்ந்தோம். காதலர்களா என்று கேட்டால், ஒரு மாதம் அப்படித்தான் இருந்தோம். கண்ணாடியை விட்டு நகராத ஆணோடு அதற்கு மேல் இருக்க முடியாது.

அந்தக் காலத்து சன்செட் சாலையில் நோட்டீஸை மிதிக்காமல் நடக்க முடியாது. ஒவ்வொரு பேண்டும் தன் மூஞ்சியை அச்சடித்துக் கம்பத்துக்குக் கம்பம் அடிக்கும். அடுத்த பேண்ட் வந்து அதன்மேல் தன் மூஞ்சியை அடிக்கும். கம்பமே குண்டாகிப்போயிருக்கும். எங்கள் பேண்ட் பையன்கள் நாலு பேரும் வேலைக்குப் போக மாட்டார்கள், போனால் கலைஞன் கெட்டுப்போய்விடுவானாம். அதனால் நான் பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தால் அஞ்சு பேருக்கும் டியூனா டின்னைத் திறந்து நூடுல்ஸில் கொட்டிக் கிளற வேண்டும். பிறகு யூஜினைத் தலைகீழாகக் குனியவைத்து, டப்பா காலியாகும் வரை முடிக்கு ஸ்ப்ரே அடிக்க வேண்டும். அவன் நிமிரும்போது நிஜமாகவே அழகாக இருப்பான். அதைச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவளாவேன்.

எங்கள் பாட்டுகள் பெரிசாக ஒலிக்கக் கீபோர்டு தேவைப்பட்டது. ஆனால் மேடையில் கீபோர்டு தெரிந்தால் மானம் போய்விடும். கீபோர்டு வாசிப்பவன் இருந்தால் அது கல்யாண பேண்ட், கிடார் அலறும் மெட்டல் பேண்ட் இல்லை. ஆகவே பேண்டுகள் அந்த ஆளை ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தன. தொழிலில் இருந்தவர்களுக்கெல்லாம் இது தெரியும். மேடையில் மலை மாதிரி அடுக்கிய அந்தப் பெட்டிகளிலும் பாதி காலி, வெறும் மரமும் துணியும்தான். அந்தச் சுவருக்குப் பின்னால் எனக்கு ஒரு ஸ்டூல், ஒரு கீபோர்டு, ஒரு சின்ன மின்விசிறி, ஒரு மைக். பின்பாட்டுக்கு என்று வைத்த மைக் அது.

எண்பத்தாறில் ரெக்கார்டு கம்பெனி ஒன்று எங்களை எடுத்துக்கொண்டது. அதே வருஷம் யூஜினின் தொண்டை போனது. குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, ஆறு மாதம் பேசவே கூடாது என்றார் டாக்டர். ஊர் ஊராகப் போக பஸ் வாசலில் நிற்கிறது, எவன் ஆறு மாதம் வாயை மூடுவான்? கத்தல் பாட்டுகளைக் கரகரத்துக் கத்தியே சமாளித்தான். "வெரோனிகா, கதவைத் திற" என்ற மெதுவான பாட்டில்தான் மாட்டிக்கொண்டான். அதன் கடைசியில் ஓர் உச்ச சுரம் இருக்கிறது, ஏறி அங்கேயே நிற்க வேண்டும். ஆல்பத்திலேயே அந்த இடத்தைப் பாடியது நான்தான். மேடையிலும் நானே பாட ஆரம்பித்தேன்.

எப்படி மறைத்தோம் என்றால், அந்த இடம் வந்ததும் யூஜின் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டிவிடுவான். அரங்கமே சேர்ந்து கத்தும். அந்தக் கூச்சலுக்கு அடியில் நான் பாடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு அண்டா அண்டாவாக இருந்தால் மறைக்கலாம். அந்தக் கைநீட்டல் அவனுடைய முத்திரையாகிப் போனது. பையன்கள் கண்ணாடி முன் நின்று சீப்பை நீட்டிப் பழகினார்கள்.

பாட்டு நாடெங்கும் ஓடியது. பஸ் போய் இரண்டு பஸ் வந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த வெளிச்சத்தில், என் முகத்தோடு, ஒரே ஒரு தடவை அந்தச் சுரத்தைப் பாட வேண்டும். ஒவ்வொரு டூர் முடியும்போதும் யூஜின் "அடுத்த டூர்ல நீ முன்னாடி" என்பான். அடுத்த டூரில் காலிப் பெட்டிகளின் எண்ணிக்கைதான் கூடியிருக்கும்.

தொண்ணூறில் இசை சேனல் ஒன்று எங்களைக் கூப்பிட்டது. மின்சாரக் கருவி இல்லாமல், ஸ்டூலில் உட்கார்ந்து வெறும் கிடாரோடு பாடுவது அப்போது புது மோகம். அதுவும் நேரடி ஒளிபரப்பு. மேனேஜர் சால் பிரென்னர் ஒத்திகை அறைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்.

"நாலு ஸ்டூல் போடறாங்க. பெட்டி கிடையாது, புகை கிடையாது. சும்மா மெழுகுவர்த்திதான்."

"அஞ்சாவது ஸ்டூல் போடச் சொல்லுங்க," என்றேன்.

டிரம் வாசிப்பவன் தன் குச்சியைப் புதிதாகப் பார்ப்பவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான். கிடார்காரன் டுவெய்ன் கெஸ்லர்தான் வாயைத் திறந்தான். அவன் அதிகம் பேச மாட்டான், பேசினால் கடிப்பான்.

"போடட்டுமே. பாடறவ அவதானே. இன்னும் எத்தனை நாளைக்கு இவளைக் கோழிக்கூண்டுல அடைச்சு வைப்பீங்க?"

"நீ சும்மா இருடா," என்றான் யூஜின். "உனக்குப் பின்னாடி ஒருத்தன் உக்காந்து வாசிச்சா அப்ப தெரியும்."

"எனக்கு வாசிக்கத் தெரியும். அதான் யாரும் உக்காரல."

சால் என் பக்கம் திரும்பினார். "இங்க பாரு கண்ணு. பதினஞ்சு வயசுப் பையன் ரிக்கி படத்தை சுவத்துல ஒட்டி வச்சிருக்கான். அது பொம்பளை குரல்னு தெரிஞ்சா அவன் மூஞ்சிய எங்க கொண்டு வச்சுக்குவான்?"

"ரிக்கி என் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கறானே, அதுல அந்தப் பையனுக்கு வெக்கம் வரலையாக்கும்."

டுவெய்ன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து அறையில் எனக்கு மைக் வைப்பது என்று முடிவாயிற்று.

நான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனேன். யூஜின் பின்னாலேயே ஓடி வந்தான். வெயிலில் அவன் முகத்து மாவு கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

"இந்த ஒரு தடவை மார்லா. அடுத்த டூர்ல நீ முன்னாடி. எங்கம்மா மேல சத்தியம்."

"உங்கம்மா மேல எத்தனை சத்தியம் பண்ணிட்ட. பாவம், அந்தம்மா இன்னும் உயிரோட இருக்கறதே பெரிசு."

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினான்.

"காலையில பாத்ரூம்ல பாடிப் பாத்தேன். வரல. வெறும் காத்துதான் வருது. யார்கிட்டயும் சொல்லாத."

அவன்மேல் கோபம் வந்தது, அந்தக் கோபத்தோடு இரக்கமும் வந்து தொலைத்தது. ஃபோன்டானாவில் அவன் பட்டறைச் சத்தத்தையும் மீறிப் பாடினதைக் கேட்டவள் நான். சரி என்றேன்.

ஒளிபரப்பு நாளன்று பிற்பகல் என்னை மேக்கப் அறையில் உட்காரவைத்தார்கள். கதவுக்கு அடியில் கம்பி போயிற்று. எதிரே ஒரு சின்னத் திரை, அதில் மேடை தெரிந்தது. ரசிகர்கள் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். ஒலி கெடும், பாட்டு முடியும்வரை சத்தம் போடக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். யூஜின் கடைசிப் பாட்டாக வெரோனிகாவைத் தொடங்கினான். கீழ்ச் சுரங்களைத் தாங்கித் தாங்கி, நன்றாகவே பாடினான். மேலே போகும் இடத்தில் அவன் வாயசைக்க வேண்டும், நான் பாட வேண்டும். காலையிலிருந்து அதைப் பழகியிருந்தோம்.

அந்த இடம் வந்தது. நான் பிடித்தேன். யூஜின் தலையைப் பின்னால் சாய்த்தான், கண்ணை மூடினான், மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினான்.

நாலு வருஷப் பழக்கம். அவன் நீட்டவில்லை, கைதான் நீட்டியது. வாய் மூடியிருந்தது. அதில் அவன் வழக்கமான சிரிப்பு. எதிரே ஐம்பது பேர் ஊமைகளாக உட்கார்ந்திருந்தார்கள். அவன் குரல் மட்டும் மேலே போய்க்கொண்டே இருந்தது.

திரையில் எல்லாவற்றையும் பார்த்தேன். நிறுத்தினாலும் மாட்டுவோம், பாடினாலும் மாட்டுவோம். நான் பாடினேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சுரம் எனக்கு அமைந்ததில்லை. கீழே கூச்சல் இல்லை, டிரம் இல்லை, என் குரல் மட்டும் தனியாக நின்றது. முதல் வரிசையில் ஒரு பெண் இது எங்கிருந்து வருகிறது என்று கழுத்தைத் திருப்பித் தேடினாள். கேமராவும் அவள் தேடுவதைக் காட்டியது. டுவெய்ன் வாசிப்பதை நிறுத்திவிட்டு யூஜினையே பார்த்தான். யூஜின் கண்ணைத் திறந்தபோது அந்த முகம் எப்படி மாறியது என்பதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி மறைக்க முடியாது, யார் பாடியது என்று கேட்டுத்தானே ஆக வேண்டும். மேக்கப் கண்ணாடியில் பார்த்து உதட்டுச் சாயம் போட்டுக்கொண்டேன். தலையைச் சரிசெய்தேன். கதவைத் திறந்துவைத்துவிட்டு நின்றேன். நடைபாதையில் யார் யாரோ ஓடினார்கள். கடைசியில் சால் வந்தார்.

"டேப்புன்னு சொல்லிட்டேன்," என்றார். "ரிக்கியோட குரலே, பழைய ரெக்கார்டிங். தொண்டை வலி, அதனால போட்டோம்னு. டேப்பை ஊர் மன்னிச்சிடும். பொம்பளைய மன்னிக்காது. நீ பின்பக்கமா போயிடு கண்ணு."

பின்பக்கமாகத்தான் போனேன்.

ஊர் டேப்பையும் மன்னிக்கவில்லை. நகைச்சுவைக்காரர்கள் டிவியில் வாயை மூடிக்கொண்டு மைக்கை நீட்டிக் காட்டினார்கள். டல்சா ஊர்க் கச்சேரியில் ரசிகர்கள் மேடைமேல் கேசட்டுகளை எறிந்தார்கள். ஒன்று யூஜினின் நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. அன்றைக்கு பஸ்ஸில் டுவெய்ன், "அவ பேரைச் சொல்லித் தொலைடா, எல்லாரும் தப்பிச்சுக்கலாம்" என்றான். யூஜின் அவன்மேல் பாய்ந்தான். ரெண்டு பேரும் ஒருவர் முடியை ஒருவர் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். பஸ் நின்ற இடத்தில் டுவெய்ன் கிடாரை எடுத்துக்கொண்டு இறங்கினான், திரும்பி வரவில்லை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கூத்தாடி ரெண்டுபட்டால் ஊருக்கு அதைவிடக் கொண்டாட்டம்.

டுவெய்ன் ஒரு பத்திரிகையிடம் உண்மையை அப்படியே சொன்னான். பாடியது மார்லா என்ற பெண், பெட்டிக்குப் பின்னால் இருந்தாள் என்றான். விலகிப் போனவன் பொறாமையில் உளறுகிறான் என்று எழுதினார்கள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. மறு வருஷம் வடக்கேயிருந்து கட்டம் போட்ட சட்டையும் வாராத தலையுமாகப் பையன்கள் வேறு மாதிரிப் பாட்டோடு வந்தார்கள், எங்களைப் போன்ற பேண்டுகளின் காலம் முடிந்தது. சன்செட் சாலைக் கம்பங்களை யாரோ சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். யூஜின் முடியை வெட்டிக்கொண்டான், நான் பல் டாக்டரிடம் திரும்பிப் போனேன்.

பல வருஷம் கழித்து கிளினிக்குக்கு போன் வந்தது. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

"பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கத்துல ஒரு கண்காட்சி. பாடக் கூப்பிட்டிருக்காங்க. நீ வா. இந்தத் தடவை முன்னாடி. எங்கம்மா மேல சத்தியம் பண்ண முடியாது, அவங்க போயிட்டாங்க. ஆனா நிஜமா முன்னாடி."

தினமும் காரில் பாடிப் பழகினேன். பாதி வரை ஏறியது, அதற்குமேல் காற்றுதான் வந்தது. யூஜின் பாத்ரூமில் கேட்ட அதே காற்று. கண்காட்சிக்குப் போனதும் முதலில் அதைத்தான் சொன்னேன்.

"எனக்கு வரல யூஜின். வயசாயிடுச்சு."

"பரவால்ல. டேப் இருக்கு," என்றான்.

அவன் ஒரு பையை நீட்டினான். உள்ளே என் ரோஸ் சட்டை. இத்தனை காலம் வைத்திருக்கிறான். பொத்தான் எட்டவில்லை, முன்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

மத்தியான வெயில். சோள மாவில் தோய்த்துப் பொரித்த சாஸேஜ் வாசனை. பக்கத்துக் கொட்டகையில் பன்றிப் பந்தயத்துக்கு ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆட்கள். நான் முன்னால் நின்றேன், யூஜினுக்குப் பக்கத்தில், கையில் கஞ்சிரா மாதிரி ஒரு டாம்பரினோடு. எங்களுக்குப் பின்னால் இரண்டே இரண்டு பெட்டிகள்.

வெரோனிகா வந்தது. அந்த இடமும் வந்தது. யூஜின் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, மைக்கை என் பக்கம் நீட்டினான். பின்னால் பெட்டியிலிருந்து என் இளவயதுக் குரல் ஏறியது. நான் வாயைத் திறந்து அதனோடு அசைத்தேன். எங்கே மூச்சு வாங்குவேன் என்று எனக்குத் தெரியும், அதனால் ஒரு பிசகும் வரவில்லை.

இறங்கி வந்ததும் ஓர் அம்மாள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"என் கல்யாணத்துல போட்ட பாட்டுங்க அது. ரிக்கி குரலுக்கு நீங்க என்னமா வாயசைக்கிறீங்க. நீங்களே பாடற மாதிரி இருந்துச்சு."

"ரொம்ப நன்றி," என்றேன்.

அவள் கைப்பையிலிருந்து கேமராவை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"ரிக்கியோட என்னை ஒண்ணு எடுத்துத் தர்றீங்களா?"

இரண்டு பேரும் தோளோடு தோள் நின்றார்கள். வெயில் அவர்கள் முகத்தில் நன்றாக விழும்படி தள்ளி நிற்கச் சொல்லி, எடுத்துக் கொடுத்தேன்.