சனிக்கு முன்னால் கையைக் கட்டுங்கள்

பல்கலைக்கழக வானாய்வுக்கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஊர்மக்களுக்கு வானம் காட்டுவது ஆரின் டாலப்சனின் வேலை. பதினோரு வருடமாகக் காட்டுகிறார். மனைவி ஜோலீன் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. இன்று வந்திருந்தாள், ஒரு நிபந்தனையோடு.

"அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துடுறேன். எனக்குப் பிடிக்கலன்னா, அடுத்த வெள்ளியிலேருந்து நீ என்கூட பந்து உருட்ட பௌலிங் கூடத்துக்கு வரணும்."

அவளை முதலில் விட்டிருக்கலாம்தான். ஆனால் வரிசை தாண்டக் கூடாது என்று பல்கலைக்கழகத் தலைவரையே வாசலில் நிறுத்தி வைத்த மனிதர் அவர். ஜோலீன் முப்பத்தெட்டாவது ஆளாக நின்றாள். மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

"கையைப் பின்னால கட்டிக்குங்க. டெலஸ்கோப் குழாயைத் தொட்டா சனி ஓடிப்போயிடும்."

ஆளுக்கொரு தரம் சொன்னார். ஆளுக்கொரு தரம் தொட்டார்கள். ஒருவர் பைனாகுலரைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஓடிய சனியைத் தேடிப் பிடிக்க நாலு நிமிடம். ஒரு சிறுமியின் ஷூ அடிக்கு அடி நீலமும் பச்சையுமாக மின்னியது. இருட்டுக்குப் பழகிய கண்களை அந்த வெளிச்சம் கெடுக்காதிருக்க, மண்டியிட்டு அதன்மேல் கறுப்பு டேப் சுற்ற இன்னும் இரண்டு நிமிடம். அடுத்து ஒரு தொப்பிக்காரர்.

"உண்மையச் சொல்லுங்க. உள்ள ஸ்டிக்கர்தானே ஒட்டியிருக்கீங்க?"

"ஆமா சார். வளையத்தை நான்தான் கத்திரிக்கோலால வெட்டுனேன். நகருங்க!"

வரிசையில் ஜோலீன் சிரிப்பது கேட்டது.

ஒருவழியாக அவள் முறை வந்தது. மேகம் இன்னும் ஒரு விரற்கடை தள்ளியிருந்தது. படியேறி, சொன்னபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள்.

"இரு, இரு! உனக்கு இன்னும் தெளிவா வெச்சுத் தரேன்," என்று பாய்ந்தார் ஆரின். அவர் முழங்கை குழாயில் இடித்தது.

"என்ன, ஒரே இருட்டா இருக்கு?"

தேடினார். திருகினார். பல்லைக் கடித்தார். சனி அகப்பட்டபோது மேகத்துக்குள் மங்கல் பொட்டாக இருந்தது. பிறகு அதுவும் இல்லை. இத்தனை வருடத்தில் குழாயை இடித்தும் அவரிடம் திட்டு வாங்காமல் தப்பிய முதல் ஆள் அவரேதான்.

"பௌலிங் எத்தனை மணிக்கு?" என்றார் செத்த குரலில்.

"பாக்காததை எப்படிப் பிடிக்கலன்னு சொல்றது? அடுத்த வெள்ளி மறுபடி வரேன். முதல் ஆளா விடுவியா?"

"வரிசைன்னா வரிசைதான்," என்றது வாய், அவரைக் கேட்காமலே.

"அதானே பாத்தேன்!" பாதிப் படியில் நின்று திரும்பினாள். அவர் இன்னும் குழாயைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.

"ஆரின், அடுத்த வாரம் நான் பாக்குறப்போ நீ கையைப் பின்னால கட்டிக்கணும்."